அளவுகோலும் ஆய்வும்: இந்தியக் கணினியியலை எண்ணிய கதை

2002ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத முதல் வாரத்தில் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலிருந்து ஒன்பது பக்கக் கட்டுரை ஒன்று மின்னஞ்சல் வழியே சில கணித அறிஞர்களைச் சென்றடைந்தது. எழுதியவர்கள் மூவர். பேராசிரியர் மணீந்திர அகர்வால் ஒருவர். மற்ற இருவரான நீரஜ் கயாலும் நிதின் சக்சேனாவும் அவ்வாண்டுதான் இளநிலைப் பட்டப் படிப்பை முடித்திருந்தார்கள். ஓர் எண் பகா எண்தானா என்பதை ஐயத்துக்கு இடமின்றி, நிரூபிக்கப்படாத எந்த ஊகத்தையும் சாராமல், இலக்கங்கள் கூடக்கூட வேலை கட்டுக்கடங்காமல் பெருகிவிடாத வகையில் கண்டறிய முடியும் என்று அக்கட்டுரை நிறுவியது. பல பத்தாண்டுகளாக அறிஞர்கள் முயன்றுவந்த வினா அது. சில நாட்களுக்குள் நியூயார்க் டைம்ஸ் செய்தி வெளியிட்டது. 2004இல் கட்டுரை ‘அன்னல்ஸ் ஆஃப் மேத்தமேடிக்ஸ்’ இதழில் பதின்மூன்று பக்கங்களாக வெளிவந்தது. 2006இல் கோடல் பரிசும் ஃபுல்கர்சன் பரிசும் அதற்குக் கிடைத்தன.

இனி ஒரு கணக்கு. இந்தியாவின் கணினி ஆய்வு எவ்வளவு என்று 2004ஆம் ஆண்டுக்கு ஒருவர் எண்ணிப் பார்க்கிறார் என்று கொள்வோம். இந்தக் கட்டுரைக்கு அவர் என்ன எண் தருவார்? ஒன்று என்று சொல்லத் தோன்றும். ஆனால் ஆய்விதழ்களைத் துறைவாரியாகப் பிரித்து எண்ணுவதே வழக்கம். ‘அன்னல்ஸ்’ கணித இதழ். ஆகவே கணினியியல் என்னும் பத்தியில் கான்பூர்க் கட்டுரைக்குரிய எண் பூஜ்யம்.

இதைக் கேட்டவுடன் எண்ணுவதே வீண் என்று சொல்லிவிடுவது எளிது. நான் அப்படிச் சொல்லவரவில்லை. எந்த அளவுகோலும் ஓர் இடத்தில், ஒரு தேவைக்காகச் செய்யப்பட்டது. அதை வேறோர் இடத்துக்கு எடுத்துச்செல்லும்போது எது அகப்படுகிறது, எது நழுவுகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதைவிட முக்கியமாக, அந்தக் கோலால் அளக்கப்பட்டவர்கள் என்ன ஆனார்கள் என்றும் பார்க்க வேண்டும். இந்தியக் கணினியியலின் வரலாறு இதற்கு நல்ல சான்று.

*

அறிவியலை எண்ணும் பழக்கத்தின் தொடக்கக் காட்சிகளுள் ஒன்று ஆசியாவில் நிகழ்ந்தது. 1940களின் பிற்பகுதியில் டெரிக் டி சோலா பிரைஸ் என்ற இளம் ஆங்கிலேயர் சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். நூலகக் கட்டடம் முடிவடையாத நிலையில் லண்டன் ராயல் சொசைட்டியின் ‘ஃபிலசாஃபிகல் டிரான்சாக்‌ஷன்ஸ்’ இதழின் தொகுதிகள் அவருடைய பாதுகாப்பில் இருந்தன. அவற்றைப் பத்தாண்டு வாரியாகப் படுக்கையருகே சுவரோரம் அடுக்கி வைத்திருந்தார். ஒருநாள் பார்த்தபோது அடுக்குகளின் உயரம் மடங்கு மடங்காக ஏறிக்கொண்டே போவது கண்ணில் பட்டது. அறிவியல் அடுக்கு வீதத்தில் வளர்கிறது என்ற கருத்து அங்கே பிறந்தது. 1963இல் வெளிவந்த ‘லிட்டில் சயன்ஸ், பிக் சயன்ஸ்’ என்ற அவரது நூல் அக்கருத்தை உலகறியச் செய்தது.

அதே காலத்தில் நம்மவர் ஒருவரும் இத்திசையில் சிந்தித்துக்கொண்டிருந்தார். சீர்காழியில் 1892இல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன்தான் அவர். 1948இல் இங்கிலாந்தின் லெமிங்டன் ஸ்பா நகரில் நடந்த மாநாட்டில் நூலகப் பணிக்குப் புள்ளியியலைப் பயன்படுத்தும் ஒரு துறை வேண்டும் என்று கூறி, அதற்கு ‘லைப்ரமெட்ரி’ என்று பெயரிட்டார். ‘பிப்ளியோமெட்ரிக்ஸ்’ என்ற சொல் புழக்கத்துக்கு வந்தது 1969இல்தான். ரங்கநாதன் எண்ண விரும்பியது நூலையும் வாசகரையும் நூலகப் பணியையும். எண்ணிக்கை என்பது சேவையைச் செம்மைப்படுத்தும் கருவி. ஆளைத் தரம்பிரிக்கும் நோக்கம் அவரிடம் இல்லை.

உலகம் ஏற்றுக்கொண்ட அளவுகோல் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து வந்தது. யூஜின் கார்ஃபீல்டு 1955இல் ஒரு யோசனையை முன்வைத்தார். ஒரு கட்டுரையைப் பின்னர் யார் யார் மேற்கோள் காட்டினார்கள் என்று பட்டியலிட்டால், ஒரு கருத்து எங்கெல்லாம் பயணப்பட்டது என்று தேடிச்செல்லலாம். 1964 முதல் ‘சயன்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ்’ தொடர்ந்து வெளிவரலாயிற்று. தொடக்கத்தில் அதில் இடம்பெற்ற இதழ்கள் அறுநூற்றுச் சொச்சம். பல்லாயிரம் இதழ்களில் பயனுள்ளவை சிறு கருவில் குவிந்திருக்கின்றன என்பது அதன் அடிப்படை. அந்தக் கரு பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பிய இதழ்களால் ஆனது.

இது தேடுவதற்கான கருவி. எனினும் பட்டியல் ஒன்று கையில் இருந்தால் கூட்டிப் பார்க்கும் ஆசை வந்தே தீரும். 1983இல் கார்ஃபீல்டே மூன்றாம் உலக நாடுகளின் அறிவியலை வரைபடமாக்கும் முயற்சியில் இறங்கினார். 1973ஆம் ஆண்டுத் தரவை எடுத்துக்கொண்டபோது, மூன்றாம் உலகம் முழுவதும் எழுதிய கட்டுரைகளில் ஏறக்குறைய பாதி இந்தியாவுடையது என்று தெரியவந்தது. ஆனால் அந்தத் தொகை உலக அளவில் சிறியது. மேற்கோள்களோ அதனினும் குறைவு. பெருமைப்படுவதா வருந்துவதா என்று தெரியாத நிலை.

*

அளவுகோல் வருவதற்கு முன்பே இந்தியாவில் கணினிப் பணி தொடங்கிவிட்டது. 1955இல் மகலனோபிஸின் கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனம் இங்கிலாந்திலிருந்து எச்.இ.சி.-2எம் என்ற கணிப்பொறியைத் தருவித்தது. பம்பாயில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் வேறு வழியைத் தேர்ந்தது. ஒரு பொறியைத் தானே கட்டுவது என்று முடிவுசெய்தது. அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஆர். நரசிம்மன். சென்னையில் பிறந்து கிண்டிப் பொறியியல் கல்லூரியில் படித்து, அமெரிக்காவில் கணித முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பியவர். அவரைத் தவிர குழுவில் எவரும் அதற்கு முன் கணிப்பொறியைப் பயன்படுத்தியதில்லை. 1956இல் முன்னோடிப் பொறி இயங்கியது. 1960இல் முழுப்பொறி பணிக்கு வந்தது. 40 துணுக்கு நீளமுள்ள 1024 சொற்களைக் கொள்ளும் காந்த உள்ளக நினைவகம் அதற்கு இருந்தது. 1962இல் நேரு அதற்கு ‘டிஃப்ராக்’ என்று பெயர் சூட்டினார்.

இதை எப்படி எண்ணுவது? உலக அறிவுக்கு டிஃப்ராக் புதிதாக எதையும் சேர்த்துவிடவில்லை. அது வெற்றிடக் குழாய்களால் ஆனது. அது முடிவடைந்த வேளையில் மேலை நாடுகள் டிரான்சிஸ்டருக்கு மாறிக்கொண்டிருந்தன. 1964இல் சி.டி.சி. 3600 என்ற அமெரிக்கப் பொறி அதே நிறுவனத்துக்கு வந்ததும் டிஃப்ராக்கின் காலம் முடிந்தது. மேற்கோள் அட்டவணை பொறியை எண்ணாது. பொறியைப் பற்றி யாரேனும் கட்டுரை எழுதினால் அதை எண்ணும். ஆனால் டிஃப்ராக்கைக் கட்டிய கைகள்தாம் பின்னர் இந்நாட்டில் கணினித் துறையை நடத்தின. உலகுக்குப் புதியது வேறு, நாட்டுக்குப் புதியது வேறு. அளவுகோல் அறிந்தது முன்னதை மட்டுமே. வளரும் நாடொன்றின் முதல் இரு தலைமுறை உழைப்போ பெரும்பாலும் பின்னதில் அடங்கியது.

கான்பூரிலும் அதுவே நிகழ்ந்தது. 1963இல் ஐ.பி.எம். 1620 அங்கே வந்திறங்கியது. ஈரோட்டில் பிறந்த வி. ராஜாராமன் உள்ளிட்ட ஆசிரியர்கள் அப்பொறியை மாணவர்களுக்குத் திறந்துவிட்டார்கள். நாடெங்குமிருந்து வந்த பொறியாளர்களுக்கும் விஞ்ஞானிகளுக்கும் குறுகிய காலப் பயிற்சிகளில் ஃபோர்ட்ரான் கற்பித்தார்கள். மாணவர் வாங்கக்கூடிய விலையில் ராஜாராமன் எழுதிய பாடநூல்களைப் படித்து வளர்ந்தவர்கள் இன்றும் எல்லாக் கல்லூரிகளிலும் இருப்பார்கள். ஆய்வு எண்ணிக்கையில் பாடநூலுக்கு இடமில்லை. ஆனால் 2002இல் இரண்டு இளைஞர்கள் பகா எண் வினாவைத் தொடத் துணிந்ததற்கு, அதே கழகத்தில் நாற்பதாண்டுகளாக ஊறிய ஒரு பழக்கமும் காரணம். அவர்களுக்கு ஓராண்டு முன்பு வேறிரு இளநிலை மாணவர்கள் அதே வினா குறித்து எழுதிய திட்ட அறிக்கை அவர்களுக்குப் படிக்கட்டாக இருந்தது. திட்ட அறிக்கையும் கணக்கில் வராது.

*

கட்டுரைகளை மட்டும் எண்ணினாலும் கணினியியலில் ஒரு சிக்கல் உண்டு. இயற்பியலாளரும் வேதியியலாளரும் தம் முதன்மையான முடிவுகளை ஆய்விதழில் வெளியிடுவார்கள். கருத்தரங்கு அவர்களுக்குக் கூடிப்பேசும் இடம். கணினியியலிலோ நிலைமை தலைகீழ். கடுமையான தேர்வுக்குப்பின் ஏற்கப்படும் கருத்தரங்கக் கட்டுரையே பல உட்பிரிவுகளில் முதன்மை வெளியீடு. 1999இல் அமெரிக்கக் கணினி ஆய்வாளர் சங்கத்துக்காக பேட்டர்சன், ஸ்னைடர், உல்மன் ஆகிய மூவர் இதைத் தெளிவாக எழுதிவைத்தார்கள். பிற துறையினர் அமர்ந்திருக்கும் பதவி உயர்வுக் குழுக்களுக்கு இதை எடுத்துச்சொல்ல வேண்டிய அவசியம் அமெரிக்காவிலேயே இருந்தது.

கார்ஃபீல்டின் அட்டவணை இதழ்களை மையமாகக் கொண்டது. கருத்தரங்கத் தொகுதிகளுக்கான மேற்கோள் அட்டவணை 2008இல்தான் அதனுடன் சேர்ந்தது. ‘லெக்சர் நோட்ஸ் இன் கம்ப்யூட்டர் சயன்ஸ்’ என்ற ஸ்பிரிங்கர் பதிப்பகத் தொகுதி வரிசை இதழ்ப்பட்டியலில் இருந்தவரை அதில் வந்த கட்டுரைகள் எண்ணப்பட்டன. 2000களின் இடைப்பகுதியில் அது பட்டியலிலிருந்து நீங்கியதும் அக்கட்டுரைகள் அந்தக் கணக்கிலிருந்து மறைந்தன. எந்த ஆய்வாளரும் எழுதுவதை நிறுத்திவிடவில்லை. எண்ணும் இடத்தில் ஒரு கோடு இடம் மாறியது.

ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் மிக்கேல் லே 1993இல் தொடங்கிய ‘டி.பி.எல்.பி.’ என்ற தரவகம் கணினியியலுக்கென்றே உருவானது. அதில் கருத்தரங்குகளுக்கு உரிய இடம் உண்டு. 2004இல் ‘ஸ்கோப்பஸ்’, ‘கூகுள் ஸ்காலர்’ இரண்டும் வந்தன. ஒவ்வொன்றும் வெவ்வேறு வலை. ஆகவே ஒவ்வொன்றிலும் இந்தியாவின் பங்கு வெவ்வேறு எண்ணாக விழும். எண்ணும் முறையும் ஒன்றல்ல. மூன்று நாட்டார் சேர்ந்து எழுதிய கட்டுரையில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒன்று என்று தரலாம். மூன்றில் ஒன்று என்றும் தரலாம். வெளிநாட்டாரோடு கூட்டாக நிறைய எழுதும் நாடு முதல் முறையில் உயர்ந்து தெரியும், இரண்டாம் முறையில் தாழ்ந்து தெரியும்.

கருத்தரங்குக்குப் பணச்செலவு என்ற முகமும் உண்டு. ஏற்கப்பட்ட கட்டுரையை நேரில் போய் வாசிக்க வேண்டும். அரங்குகளோ பெரும்பாலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும். விமானச் சீட்டு, பதிவுக் கட்டணம், விசா ஆகிய மூன்றையும் கடக்க முடியாத ஆய்வாளர், சொல்ல ஒன்று இருந்தும் எண்ணிக்கையில் இராது போவார். இந்த நிலைக்கு இந்தியக் கோட்பாட்டுக் கணினியியலார் கண்ட ஒரு விடை, இங்கேயே தரமான அரங்கு ஒன்றை நடத்துவது. 1981இல் பெங்களூரில் தொடங்கிய ‘எஃப்.எஸ்.டி.டி.சி.எஸ்.’ மாநாடு ஆண்டுதோறும் நடந்துவருகிறது. 1984 முதல் அதன் கட்டுரைகள் மேற்சொன்ன ஸ்பிரிங்கர் வரிசையில் வந்தன. 2008இல் அது யாவரும் கட்டணமின்றிப் படிக்கக்கூடிய ‘லிபிக்ஸ்’ வரிசைக்கு மாறியது. எண்ணிக்கை வாரியாகச் சிறிய நிகழ்வு. ஆனால் நாம் எண்ணப்படும் இடத்தை நாமே கட்டலாம் என்று காட்டியது.

*

எண்ணிக்கையிலிருந்து நழுவியவற்றுள் ஒன்று இப்போது உங்கள் கண்முன் இருக்கிறது. 1980களில் கான்பூரிலும் பின்னர் புனேயின் சி-டாக் நிறுவனத்திலும் இந்திய மொழிகளைக் கணினியில் ஏற்றும் பணி நடந்தது. எல்லா இந்திய எழுத்துகளுக்கும் ஒரே அடுக்குமுறையை வகுத்த ‘இஸ்கி’ குறியேற்றம் அதன் விளைவு. 1991இல் அது இந்தியத் தர நிர்ணய அமைப்பின் தரமாயிற்று. யூனிகோடில் இந்திய மொழிகளுக்கான இடங்கள் 1988ஆம் ஆண்டு இஸ்கியை அடியொற்றி அமைந்தன. தமிழில் இல்லாத எழுத்துகளுக்கெல்லாம் வெற்றிடம் விட்டிருப்பதும், உயிர்மெய் எழுத்துக்குத் தனி இடம் இல்லாததும் அந்த மரபின் தொடர்ச்சி. அது தமிழுக்குப் பொருந்துமா என்று பல்லாண்டு சர்ச்சை நடந்தது. 2010இல் தமிழக அரசு யூனிகோடோடு ‘டேஸ்-16’ என்ற மாற்று முறையையும் தரமாக அறிவித்தது. இஸ்கியின் முடிவுகள் சரியா தவறா என்பது இருக்கட்டும். பல கோடிப் பேரின் அன்றாட எழுத்தைத் தொட்ட கணினிப் பணி அது. தர ஆவணம் ஆய்விதழ்க் கட்டுரை அல்ல என்பதால் மேற்கோள் கணக்கில் அதற்கு இடமில்லை.

ஆட்களை எண்ணுவதிலும் குழப்பம். 1994இல் டூரிங் விருது பெற்ற ராஜ் ரெட்டி கிண்டிப் பொறியியல் கல்லூரியில் 1958இல் பட்டம் பெற்றவர். ஆய்வு செய்தது ஸ்டான்ஃபோர்டிலும் கார்னகி மெலனிலும். கணக்கு கட்டுரையின் முகவரியைப் பார்க்கும். அது அமெரிக்க முகவரி. முறையென்ற அளவில் அது சரியே. ஆனால் கற்பித்த செலவு ஒரு நாட்டின் ஏட்டிலும் விளைச்சல் இன்னொரு நாட்டின் ஏட்டிலும் எழுதப்படுகிறது என்பதை நினைவில் வைக்காமல் இரு ஏடுகளையும் ஒப்பிட்டால் தவறு நேரும்.

பெயரே ஒரு தொல்லை. குடும்பப்பெயர் உண்டு என்ற எண்ணத்தில் செய்யப்பட்ட அட்டவணைகள் தமிழரின் தலைப்பெழுத்தைப் பார்த்துத் திகைக்கின்றன. தந்தை பெயர் சிலபோது குடும்பப்பெயராகிறது, சிலபோது முதற்பெயராகிறது. ஒருவர் இருவராகப் பிரிகிறார். ஒரே பெயர்கொண்ட பலர் ஒருவராகவும் ஒட்டிக்கொள்கிறார்கள். டி.பி.எல்.பி. ஒரே பெயருள்ளோரை நான்கிலக்க எண் சேர்த்துப் பிரித்துக்காட்டுகிறது. தனிமனிதரை எண்ணால் மதிப்பிடும்போது இது சிறிய பிழையாக நின்றுவிடுவதில்லை.

*

எண்ணுவோருக்கும் நியாயம் செய்ய வேண்டும். அளவை ஏதுமில்லாத இடத்தில் அறமே கோலோச்சும் என்பதில்லை. வயது மூப்பும் வேண்டியவர் என்ற தகுதியும் கோலோச்சும். இந்திய அறிவியல் ஏடுகளின் நிலையை மேற்கோள் தரவுகளைக் கொண்டு பல்லாண்டு ஆராய்ந்த சுப்பையா அருணாசலம் போன்றோர், நம் சுயபுகழ்ச்சிக்கு எதிராகவே எண்களை நிறுத்தினார்கள். நோயைக் கண்டறிய வெப்பமானி வேண்டும். வெப்பமானியின் எண்ணுக்குச் சம்பளம் நிர்ணயித்தபோதுதான் கேடு தொடங்கியது.

2009இல் பல்கலைக்கழக மானியக் குழு முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பிக்குமுன் ஒரு கட்டுரையாவது வெளியாகியிருக்க வேண்டும் என்று விதித்தது. 2010இல் ஆசிரியர் நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் புள்ளிக்கணக்கு வந்தது. நூலகமும் ஆய்வு நேரமும் இல்லாத கல்லூரிகளில், வாரம் முழுதும் வகுப்பெடுக்கும் ஆசிரியர்களிடமும் அதே கணக்கு நீட்டப்பட்டது. அவர்கள் என்ன செய்வார்கள்? பணம் கட்டினால் சில நாட்களில் அச்சேற்றும் ‘சர்வதேச’ இதழ்கள் முளைத்தன. 2015இல் வெளியான ஓர் ஆய்வு, இத்தகைய இதழ்களில் 2010இல் 53,000 கட்டுரைகளும் 2014இல் 4,20,000 கட்டுரைகளும் வந்ததாக மதிப்பிட்டது. அவற்றை எழுதியோரில் இந்தியர் பெரும் பங்கினர். மானியக் குழு 2017இல் ஏற்புடைய இதழ்களின் பட்டியலை வெளியிட்டது. 2018 மே மாதம் அதிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது. பின்பு ‘கேர்’ என்ற புதுப்பட்டியல் வந்தது. 2025இல் அதுவும் கைவிடப்பட்டது. முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை கட்டாயம் என்ற விதி 2022இலேயே நீங்கிவிட்டது.

பதின்மூன்று ஆண்டுகள். அக்காலத்தில் நாட்டின் கட்டுரை எண்ணிக்கை ஏறியது உண்மை. அந்த ஏற்றத்துக்குள் நல்ல ஆய்வும் உண்டு, கட்டணம் கட்டி வாங்கிய தாள்களும் உண்டு. இரண்டையும் பிரித்தறிய எண்ணிக்கையால் முடியாது. ஏனெனில் இரண்டையும் வரவழைத்தது அந்த எண்ணிக்கைதான். இதில் இழப்பு அட்டவணைக்கு அல்ல. யாரும் படிக்காத இதழுக்குத் தன் சம்பளத்திலிருந்து பணம் கட்டிய ஆசிரியருக்கு இழப்பு. ஆராய்ச்சி என்றால் இதுதான் என்று அவரிடம் கற்ற மாணவருக்கும் இழப்பு.

அப்படியானால் எப்படி அளப்பது? ஒரு துறையில் எது வெளியீடு என்பதை அத்துறையினரிடம் கேட்டு அளப்பது முதல் படி. பொறி, தரம், பாடநூல், மென்பொருள், மாணவர் ஆகியவற்றுக்குத் தனித்தனி ஏடு வைப்பது அடுத்தது. எண்ணைத் தீர்ப்பாகக் கொள்ளாமல் கேள்வியாகக் கொண்டு, சில கட்டுரைகளையாவது எடுத்துப் படித்துப் பார்ப்பது மூன்றாவது. மூன்றாவதுதான் கடினம். படிக்க நேரம் வேண்டும், படித்தால் புரிய வேண்டும்.

2002 ஆகஸ்டில் கான்பூர்க் கட்டுரையைப் பெற்றவர்கள் அதைத்தான் செய்தார்கள். முகவரியையோ எழுதியவர்களின் பழைய கட்டுரைகளின் எண்ணிக்கையையோ அவர்கள் பார்க்கவில்லை. அமெரிக்கக் கணித அறிஞர் கார்ல் பாமரன்ஸ் ஒன்பது பக்கங்களையும் படித்தார், சரி என்று கண்டார், உடனே அதைப் பற்றிக் கருத்தரங்க உரை நிகழ்த்தினார். அந்த ஆண்டின் எந்த அட்டவணையிலும் அப்போது அக்கட்டுரை இல்லை.